பாய் சுருட்டிய கை

தூத்துக்குடி,
ஆகஸ்ட் 1946

என் மகளின் தகப்பனாருக்கு,

கொழும்பிலிருந்து திரும்பிய உங்கள் கூட்டாளி ரோச் அண்ணன், நீங்கள் சுகம் என்றார். அங்கே புதுத் தொட்டில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனீர்கள் என்றும் சொல்லிவிட்டு, சட்டென்று பேச்சை மாற்றினார்.

இங்கே உங்கள் மகள் நடக்கிறாள். ஒவ்வோர் அடிக்கும் இடப்பக்கம் சாய்ந்து எழுகிறாள். கோயில் வாசலில் பிள்ளைகள் அவளைப் போலவே நடந்து காட்டுகிறார்கள்.

அவள் கைக்குழந்தையாய் இருந்தபோது, உங்கள் தோணி கரையில் கிடந்த மாதங்களில் அவளுக்குத் துணி சுற்றியது நீங்கள்தான். தோணிப்பாயைச் சுருட்டுவதுபோல, இரண்டு காலையும் நேராக நீட்டிச் சேர்த்து, இடுப்புவரை இறுக்கிக் கட்டுவீர்கள். அவள் வீறிடுவாள். நான் அவிழ்க்க வந்தால், "ஏளா, சும்மா கெட. இப்பக் கட்டுனாத்தான் கால் வளையாம வளரும்" என்பீர்கள். தெருவே உங்கள் கைவேலையை மெச்சியது.

போன வாரம் ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவள் தொடையை விரித்துப் பார்த்தார். இடுப்பு மூட்டு அதன் குழியில் உட்காரவே இல்லையாம். கைக்குழந்தையின் கால் தவளைக்கால்போல மடங்கி, அகன்று, இஷ்டத்துக்கு உதைக்க வேண்டுமாம். நீட்டி இறுக்கினால் மூட்டு நழுவுமாம். "அப்பவே கொண்டுவந்திருந்தா சுளுவா சரி பண்ணியிருக்கலாம்" என்றார்.

அந்தத் தொட்டிலில் கிடப்பது பச்சைப் பிள்ளை. இடுப்புக்கு மேலே துணி சுற்றுங்கள். இடுப்புக்குக் கீழே தளர்வாக விட்டுவிடுங்கள்.

நீங்கள் வர வேண்டாம். பதிலும் வேண்டாம். இதை அந்தப் பிள்ளையைப் பெற்றவளிடம் வாசித்துக் காட்டினால் போதும். நீங்கள் இறுக்கிக் கட்டினால், அவளாவது அவிழ்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகளைச் சுமக்கிறவள்