பன்னிரண்டு அடிக்கடி விழுகிறது

நாள் 212, காலை 07:10
வியாழனின் நிலவான யூரோப்பாவில் பனித்தளம். எழுதுவது நிலவியலாளர் சகாயராணி. காற்று, நீர், மின்சாரம் சரி. கிழக்குமுனை ஆன்டெனா சாய்ந்துவிட்டது. பூமியோடு பேச முடியவில்லை. இங்கே நானும் பொறியாளர் இத்ரீஸும் மட்டும். யாராவது ஒருவர் பனிவண்டியில் போய் அதை நிமிர்த்த வேண்டும். இத்ரீஸ் இரண்டு பகடைகளை எடுத்தான். கூட்டுத்தொகை ஏழு வந்தால் அவன், பன்னிரண்டு வந்தால் நான். ஏதாவது ஒன்று விழும்வரை உருட்டுவது.

07:50
இரண்டாம் உருட்டலிலேயே ஏழு. அவன் கிளம்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இரண்டு பகடைகள் விழ முப்பத்தாறு வழிகள். ஒன்றும் ஆறும், இரண்டும் ஐந்தும், மூன்றும் நான்கும், அவற்றையே மாற்றிப் போட்டால் இன்னும் மூன்று: ஏழுக்கு ஆறு வழிகள். பன்னிரண்டுக்கு ஒரே வழி. வானொலியில் திட்டினேன்.
“ஏமாத்துறதுன்னா தெரியாமத்தான ஏமாத்தணும், ராணி?” என்று சிரித்தான்.

நாள் 212, மாலை 16:20
வண்டி பனிப்பிளவில் விழுந்துவிட்டது. அவனுக்குக் கால் உடைந்திருக்கிறது. தளத்தில் வேறு வண்டி இல்லை; நடந்து போகும் தூரமும் இல்லை. ஆள் மாற்றும் கலம் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அவனிடம் இருக்கும் காற்று இரண்டு நாள் வரும். பகடைகள் அவன் பையில்தான் இருந்தன. வானொலியில் பேசியபடியே உருட்டுகிறான். நான் எண்ணை முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.
“ஏழு ஏழுன்னே சொல்லிட்டு ஈக்கியே, வேற நம்பரே தெரியாதா?”

நாள் 214, பகல் 15:05
“மூணும் ரெண்டும். அஞ்சு. ராணி, கொஞ்சம் கண்ண மூடிக்கிறேன்.”
அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. வானொலியை அணைக்க மனம் வரவில்லை.

நாள் 216, காலை 09:20
“எட்டு.”
அவன் குரல்! நாற்காலி கவிழ ஓடினேன். காற்று எப்படி இருக்கிறது, கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.
“பன்னெண்டு,” என்றது குரல். பிறகு, “மூணு. பன்னெண்டு.”

நாள் 217, பகல் 13:00
நேற்றிலிருந்து எண்கள் நிற்கவே இல்லை. குறித்துக்கொண்டே வந்தேன். இரண்டு முதல் பன்னிரண்டு வரை எல்லாமே ஏறக்குறைய ஒரே அளவு வந்திருக்கின்றன. பன்னிரண்டு, ஏழுக்குச் சமமாக. பகடையில் அப்படி வராது. இதைச் சொல்வது எதுவானாலும், நாங்கள் பேசியதைக் கேட்டு அந்தப் பதினோரு எண்களையும் கற்றிருக்கிறது. பகடையைத் தொட்டதில்லை.
அப்படியென்றால் இத்ரீஸ் இறந்துவிட்டான். இதை எழுத இவ்வளவு நேரம் ஆயிற்று.

நாள் 217, மாலை 17:40
தாங்க முடியாமல் கத்திவிட்டேன். “நீ இத்ரீஸ் இல்ல! ஏழுக்கு ஆறு வழி இருக்கு, பன்னெண்டுக்கு ஒண்ணுதான். அது கூட ஒனக்குத் தெரியல!”
எண்கள் நின்றன. பிறகு மீண்டும் தொடங்கின.
“ஏழு,” என்றது. “ஆறு. ஏழு. எட்டு.”

நாள் 218, காலை 10:15
எண்கள் இப்போது சரியாக விழுகின்றன. ஏழு அதிகம், பன்னிரண்டு அபூர்வம். இனி எதை வைத்து இனம் காண்பேன்? நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.
நடுவில் ஒருமுறை, “ராணி, காலு வலிக்குது,” என்றது. அழுதேன். பதில் சொல்லிவிடுவேனோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

நாள் 220, காலை 08:30
அனுப்பும் கருவி கருகிவிட்டது. இனி கேட்க மட்டும்தான் முடியும். வானொலியில் இன்று எண்கள் இல்லை.

நாள் 222, காலை 11:02
கலம் வந்துவிட்டது. கேப்டன் ஜெயசீலியின் குரல்: “கேக்குது மேடம். தளத்துல இறங்க வேண்டாமா? ரெண்டு பேருமே வண்டிகிட்டதான் இருக்கீங்களா?”
நான் எதுவும் சொல்லவில்லை. என்னால் சொல்ல முடியாது.
“ஆமா கேப்டன். இங்கயே வாங்க,” என்றது வானொலி. என் குரல்.

11:06
“கேப்டன், கலத்துல எத்தன பேரு?” அதே குரல். நான் மூச்சு வாங்கும் இடம்கூடத் தப்பவில்லை.
“எட்டுப் பேர் மேடம். எல்லாருமே எறங்குறோம், தூக்கிட்டு வர ஆள் வேணும்ல.”

11:09
ஒலிவாங்கியில் கத்துகிறேன். அனுப்பும் விளக்கு எரியவில்லை. சன்னலில் கலத்தின் ஒளி தெரிகிறது. கிழக்கே, அந்தப் பிளவின் பக்கம், இறங்கத் தொடங்கிவிட்டது.