எனக்குப் புரியாத பாஷையில் உன் அப்பா

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று வழக்கம்போல எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக இந்த முறை கை வரவில்லை, சுகமாக ஆகிக்கொண்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள். கவரைப் பிரித்ததும் பேப்பரில் சுற்றிய ஒரு சாவி விழுந்திருக்கும். அதைக் கண்ட இடத்தில் போடாமல் முதலில் பத்திரமாக வைத்துவிட்டு வந்து படி. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நான் பாதி சொல்வதற்குள் நீ அழ ஆரம்பிப்பாய், நீ அழுதால் நானும் அழுவேன், விஷயம் நடுவழியில் நின்றுவிடும். அதுவும் போக, சாவியைப் போனில் அனுப்ப முடியாது. அப்பாவுக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன்.

அப்பாவோடு லிஃப்ட் ரிப்பேர் வேலை பார்த்த மீசை மாமா லிஃப்ட் குழியில் விழுந்து இறந்துபோன நாளிலிருந்து உன் அப்பா வேலைக்கும் போகாமல், நம் வீட்டு லிஃப்டிலும் கால் வைக்காமல், மூச்சு இரைக்க இரைக்க மாடிப்படி ஏறி இறங்குவதை நான் சொல்லிச் சொல்லித்தானே நீ அங்கிருந்தே தேடி அந்தக் கவுன்சலர் அம்மாவைப் பிடித்துக் கொடுத்தாய். ரொம்ப அனுபவசாலி, நாலைந்து பாஷை பேசுவார் என்று நீ சொன்னபோது, தமிழ் ஒன்று போதாதா, நாலைந்து எதற்கு என்று கேட்டேன். முதல் நாள் சாப்பாட்டு மேஜையில் டப்பாக்களை அடுக்கி லேப்டாப்பை அதன் மேல் வைத்து, அப்பாவுக்குத் தலை வாரிவிட்டு, நானும் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தூக்கம் எப்படி, பசி எப்படி என்று அந்தம்மா அவரைக் கேட்க, எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன். அந்தம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, இங்கே பேசுவது இங்கேயே இருக்கும், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வீட்டாரிடம் சொல்வேன் என்று எங்கள் இருவரிடமும் சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்து, இனிமேல் சார் மட்டும் இருக்கட்டும் என்றார். என் வீட்டுக்காரரைப் பற்றிப் பேச என்னையே வெளியே போகச் சொல்ல இவர் யார் என்று எனக்கு வந்த கோபத்தில் சமையலறையில் ஒரு பாத்திரம் பாக்கியில்லாமல் உருட்டினேன். ஆனால் கோபப்பட அவசியமே இருக்கவில்லை. உன் அப்பா பிடி கொடுத்தால்தானே. நல்லா இருக்கேன், ஒண்ணுமில்ல, வயசாயிடுச்சு, அவ்வளவுதான் என்று கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தக்காரருக்குச் சொல்வது மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு வாரம் இப்படியே போனது.

மூன்றாவது வாரம் அந்தம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். வேலையில் உங்க கூட்டாளியோட எந்த பாஷையில் பேசுவீங்க என்று. மீசை மாமாவுக்குத் தமிழ் வராது, உனக்குத்தான் தெரியுமே, உன்னைக் கொஞ்சுவதற்குக்கூட அவருக்கு இருந்தது அவர் பாஷைதான். அப்பா அந்த பாஷையின் பேரைச் சொன்னார். உடனே அந்தம்மா அதிலேயே பேச ஆரம்பித்தார். சின்னு, நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அடைத்துக்கொண்டிருந்த குழாய் திறந்துகொண்ட மாதிரி உன் அப்பா பேசினார். எனக்கு ஒரு சொல் புரியவில்லை. இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் செய்த மனுஷனுக்கு இப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது. நடுவில் உன் பேர் வந்தது, என் பேர் வந்தது, அப்புறம் விசும்பும் சத்தம். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் ஒரு காரியம் செய்தேன். என் போனில் ரெக்கார்டு போட்டு, அவர் உட்காரும் நாற்காலியில் மெத்தைக்கு அடியில் சொருகி வைத்துவிட்டேன். தப்புதான், நீ திட்டுவதற்கு முன்னால் அப்பாவே திட்டியாகிவிட்டது. கீழ்வீட்டு நர்ஸுக்கு அந்த பாஷை தெரியும் என்று போனை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். காதில் வைத்துக் கேட்டவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. சட்டென்று நிறுத்திப் போனை என் கையில் திணித்து, "அக்கா, இதை நான் கேட்டதே தப்பு, வேற யாருக்கும் போட்டுக் காட்டாதீங்க. ஆனா அண்ணனைத் தனியா விடாதீங்க" என்றாள். வேறு எதுவும் சொல்லமாட்டேன் என்றுவிட்டாள். அவள் எதையாவது சொல்லியிருந்தால்கூட அப்படிப் பயந்திருக்கமாட்டேன்.

அந்த நிமிஷத்திலிருந்து குட்டி போட்ட பூனை மாதிரி அவரையே சுற்றிச் சுற்றி வந்தேன். குளியலறையில் தண்ணீர் சத்தம் நின்றால் கதவைத் தட்டினேன். பால்கனியில் துணி காயப்போட அவரை விடவில்லை. பால் வாங்க அவர் கிளம்பினால் எனக்கும் திடீரென்று கடையில் வேலை வந்தது. "உனக்கு என்னடி ஆச்சு" என்று அவர் எரிந்து விழுந்தார். உனக்கு என்ன ஆச்சு என்று திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால், அவர் மனதில் இல்லாததை நானே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். தாங்கமுடியாமல் மறுநாள் காலையில் அந்தம்மாவுக்கே போன் செய்து, ஒட்டுக் கேட்டதைச் சொல்லி, என்ன சொன்னார் என்று கெஞ்சினேன். அந்தம்மா திட்டவில்லை. "இன்னைக்கு சாயங்காலம் மூணு பேரும் சேர்ந்து பேசணும்னு அவர்கிட்ட சம்மதம் வாங்கியிருக்கேன், அவரே உங்ககிட்ட சொல்லணும்னு நினைக்கிறார். அதுவரைக்கும் கூடவே இருங்க. உங்களுக்குப் பொறுக்கலைன்னா நீங்களே கேளுங்க, சுத்தி வளைக்காம கேளுங்க. கேக்கறதால அந்த எண்ணம் வந்துடாது" என்றார்.

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து மேஜை மின்விசிறியின் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போய்த் தரையில் உட்கார்ந்து, செத்துப்போகணும்னு தோணுதா என்று கேட்டேன். இப்படி ஒரு கேள்வியை இந்த வாயால் கேட்பேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. அந்த பாஷையில் என்னவோ சொன்னார். எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க என்றேன். "தோணுது" என்றார். அப்புறம்தான் துணியைக் கீழே வைத்தார். அந்த பாஷையில் சொல்லும்போது அது வேலை இடத்தில் நடந்த சமாசாரமாகவே இருந்ததாம். தமிழில் சொன்னால் வீட்டுக்குள் வந்துவிடும், நீயும் நானும் தாங்கமாட்டோம் என்று நினைத்தாராம். அன்றைக்கு லிஃப்ட் கதவை வெளியிலிருந்து சாவி போட்டுத் திறந்தது அவர்தானாம். லிஃப்ட் அந்த மாடியில்தான் நிற்கிறது என்று இருவருமே நினைத்தார்களாம். மீசை மாமா பேசிக்கொண்டே உள்ளே கால் வைத்தாராம். விசாரணையில் இவர் மேல் தவறில்லை என்று எழுதிவிட்டார்கள், ஆனால் இவர் தனக்கு அப்படி எழுதிக்கொள்ளவில்லை.

சட்டைப் பையிலிருந்து அந்தச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். அதை எனக்குத் தெரியும் சின்னு. சட்டை துவைக்கும்போதெல்லாம் எடுத்து வைத்து, காய்ந்ததும் நானே திரும்பப் பையில் போட்டேன். எந்தக் கட்டடத்திலும் எந்த மாடியிலும் லிஃப்ட் கதவைத் திறக்கும் சாவி அது. மாடிப்படி ஏறும்போதெல்லாம் ஒவ்வொரு மாடியிலும் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றிருக்கிறார். அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

சாயங்காலம் மூன்று பேரும் பேசினோம், எனக்காகத் தமிழில். அன்றைக்கு நான் குறுக்கே பேசவில்லை, நம்பினால் நம்பு. டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அந்தம்மா சொன்னார், பார்த்தாயிற்று, டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். இனி வாரத்தில் இரண்டு தடவை அந்தம்மாவோடு பேச்சு, எந்த பாஷையில் என்பது அப்பா இஷ்டம், நான் கதவைச் சாத்திவிட்டுக் கீழ்வீட்டுக்குப் போய்விடுகிறேன். ரெக்கார்டை அழித்துவிட்டேன். நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம் என்று அப்பா என்னிடம் சொன்னார், ரொம்ப நாள் கழித்துக் கிண்டல். சாவியை யாரிடம் கொடுப்பது என்று அந்தம்மா கேட்டபோது நான் கையை நீட்டினேன். இவர் வேண்டாம் என்று தலையாட்டி, "சின்னுகிட்ட அனுப்பிடலாம், எங்க ஆட்கள்லயே தூரமா இருக்கறது அவதான்" என்றார். நீ அவ்வளவு தூரம் போனதற்கு நான் அழாத நாளில்லை, அன்றைக்குத்தான் முதல்முறையாக அது நல்லது என்று தோன்றியது.

ராத்திரி ஷிஃப்டில் வெறும் காபியோடு நிறுத்தாதே. அத்தைக்கு முட்டி வலி பரவாயில்லை, ஒரு வார்த்தை பேசு. அப்பாவிடம் பேசும்போது எதுவும் தெரியாத மாதிரி நடிக்காதே, நேராகக் கேள். அவரே கேட்டாலும் அந்தச் சாவியைத் திருப்பி அனுப்பாதே. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி நன்றாக இருக்க வேண்டும்.

உன் அன்பு அம்மா.

கீழே அப்பா எழுதுகிறார், நான் படிக்கவில்லை.

சின்னு, சாவி கிடைத்ததும் போன் பண்ணு. எடுப்பதற்கு நான் இருப்பேன். அப்பா.