இடுப்புக் கயிற்றுக்கு அடியில் ஒரு கறுப்புப் பொட்டு

இன்று காலை லேப் அலமாரியைத் திறந்ததும் செடார் எண்ணெய் வாசம் முகத்தில் அடித்தது. மைக்ராஸ்கோப்பில் ரத்தம் பார்க்கும்போது லென்சுக்கும் ஸ்லைடுக்கும் நடுவில் ஒரு சொட்டு விடுவீர்களே, அதே எண்ணெய்தான். குப்பியின் மூடியைச் சரியாகத் திருகாமல் போயிருக்கிறீர்கள், லேப் சார். எல்லாவற்றையும் துடைத்துத் துடைத்து வைக்கிற மனிதர் இதை மட்டும் எப்படி விட்டீர்கள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. சித்திரையில் ஒரு சனிக்கிழமை, "திங்கக்கெழமை வாரேனுங்க" என்று பஸ் ஏறிப் போனீர்கள். ஞாயிற்றுக்கிழமை காளப்பநாயக்கன்பட்டியில் உங்கள் வீட்டிலேயே மாரடைப்பு. அதற்கப்புறம் யாரிடம் கோபித்துக்கொள்வது?

லேப்புக்குப் புது மெஷின் வந்துவிட்டது. ஒரு சொட்டு ரத்தம் கொடுத்தால் வெள்ளையணு எத்தனை, தட்டணு எத்தனை என்று சீட்டு அடித்துக் கொடுக்கிறது. நல்ல மெஷின், குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்களைப் போல வெள்ளையணுக்களை அது 'இவங்க' என்று சொல்வதில்லை. நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. இந்த மலைக்கு டாக்டராக வந்த புதிதில் உங்கள் பேச்சு எனக்கு வேடிக்கையாக இருந்தது. "கிருமிக்கும் மரியாதை கொடுத்துத்தான் பேசுவீங்களா?" என்று ஒரு நாள் சீண்டினேன். லென்சிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னீர்கள்: "கிருமிக்கு இல்லீங்க. வேலை செய்யறவங்களுக்கு மட்டுந்தானுங்க."

சில வருடம் முன்பு நம்மிடம் வந்த வெள்ளையனை உங்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஆனாலும் எழுதிப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

நம் மலையின் அரியூர் நாட்டு ஊர்க்காரர், மரவள்ளி போடுகிறவர். காட்டோரத்துப் புதரை வெட்டிச் சுத்தம் செய்த சில நாளில் காய்ச்சல் கண்டு, எட்டு நாள் வீட்டிலேயே கிடந்திருக்கிறார். அவர் மனைவி ஜீப்பில் போட்டு நம் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவந்தபோது கண் சிவந்து, மூச்சு இரைக்கத் தொடங்கியிருந்தது. மலேரியா இல்லை, டெங்கு இல்லை என்று நீங்கள் பார்த்துச் சொல்லிவிட்டீர்கள். பிறகு என்ன காய்ச்சல் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டேன். ஆனால் எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் இந்த மனிதர் தாங்குவாரா, என்ன மருந்து கொடுத்து அனுப்புவது என்று அலமாரியைத் திறந்து திறந்து மூடினேன். அந்த வாரம்தான் இந்த மலையே வேண்டாம் என்று மாறுதல் கேட்டு மனு எழுதி மேசை டிராயரில் வைத்திருந்தேன்.

காயம் ஏதும் உண்டா என்று தலை முதல் கால் வரை பார்த்தேன். இடுப்புக் கயிற்றின் ஓரத்தில், வலப்பக்கம், கொஞ்சம் கறுப்பாகத் தெரிந்தது. கயிற்றை வெட்டிவிட்டுப் பார்க்கலாம் என்று கத்தரிக்கோலை எடுத்ததும் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாஞ் சாமி. உசுரோட இருக்கற மனுசனுக்குக் கயித்தை அறுக்கறதில்லீங்க. புதுசு கட்டிட்டுத்தான் பழசை அறுப்போமுங்க."

வெறும் இடுப்போடு ஒருவரை எங்கே அனுப்புவார்கள் என்று எனக்கும் தெரியும். கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். என் அப்பாவுக்கும் இடுப்பைச் சுற்றி அப்படி ஒரு கறுப்புத் தடம் உண்டு. இதுவும் கயிறு தேய்ந்த தழும்புதான் என்று முடிவுகட்டி, 'தோலில் ஒன்றுமில்லை' என்று சீட்டில் எழுதிவிட்டேன்.

அப்போதுதான் நீங்கள் கையுறையைக்கூடக் கழற்றாமல் லேப்பிலிருந்து வந்தீர்கள்.

"தட்டணு கொறவுங்க, டாக்டரம்மா. வெள்ளையணுல கொஞ்சப் பேரு பருத்து, நீலம் பாரிச்சு இருக்கறாங்க. இவங்க எங்கியோ சண்டை போட்டுட்டு வாராங்க. எந்த எடத்துலன்னு பாக்கோணுமுங்க."

கழுத்தைத் தொட்டீர்கள், அக்குளைத் தொட்டீர்கள், தொடையிடுக்கைத் தொட்டீர்கள். வலப்பக்கம் நெறி கட்டியிருந்தது. எந்தெந்த இடத்துப் புண்ணால் அந்த நெறி கட்டுமோ, அந்த இடமெல்லாம் தேடினீர்கள். பாதத்தில் முள் இல்லை, காலில் புண் இல்லை. அப்புறம் இடுப்பு. நான் கயிற்றுத் தழும்பு என்றேன். நீங்கள் வெள்ளையனின் மனைவியைப் பார்த்து, "அறுக்க வேண்டாமுங்க, நவுத்துனாப் போதும்" என்று சொல்லி, ஒரே விரலால் கயிற்றை மேலே தள்ளினீர்கள்.

சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. தொட்டால் வலிக்கவில்லை என்று கண்ணை மூடியபடியே முனகினார் வெள்ளையன். "கயிறு தேஞ்சாச் சுத்தியும் தேயுமுங்க. பொட்டு வெச்சாப்பல ஒரே எடத்துல தேயாதுங்க" என்றீர்கள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி கடித்து வருகிற காய்ச்சல் அது. அதற்கு மருந்து நம் அலமாரியிலேயே இருந்தது. முதல் வேளையை நானே ஊட்டி ஆம்புலன்சில் ஏற்றினேன்.

அன்று மத்தியானம் லேப் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தபடி நீங்கள் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது. "இந்த வெள்ளையணுக் கூட்டத்துல, தோல்ல இருக்கறவங்க காவலுக்கு நிக்கறவங்க. கிருமியில ஒரு துண்டைப் புடிச்சுட்டுப் பக்கத்து நெறிக்கு ஓடுவாங்க. அங்க கூட்டம் கூடும், அதுதான் வீக்கம். நுரையீரல்ல இருக்கறவங்க சாது. தூசி தும்பைத் தின்னுட்டுச் சத்தமில்லாம இருப்பாங்க. அங்க சண்டை பெருசானா மூச்சு விடற எடத்துல தண்ணி கோத்துக்குமில்லீங்களா? ஈரல்ல இருக்கறவங்க ரத்தம் போற வழியிலயே உக்காந்து வடிகட்டுவாங்க. ஒரே மலைதானுங்க, ஆனா எடப்புளி நாட்டு வழக்கம் வேற, அரியூர் நாட்டு வழக்கம் வேற."

இதையெல்லாம் நானும் காலேஜில் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவள்தான். இந்தக் கிருமி காவல்காரர்களுக்குள்ளேயே புகுந்து பயணம் போகும் என்பதையும் படித்திருக்கிறேன். அதனால்தான் இடுப்பில் கடித்தது, சாதுக்கள் இருக்கிற நுரையீரல் வரை போய் மூச்சை இரைக்க வைத்தது. ஆனால் ஒரு சொட்டு ரத்தத்திலிருந்து நெறிக்கும், நெறியிலிருந்து தோலுக்கும் வழி கேட்டுக் கேட்டுப் போக எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றியது. அன்றைக்கு உங்களைப் பார்த்து நான் பிரமித்துப் போனேன். உங்களிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

பத்து நாளில் வெள்ளையன் நடந்து வந்தார். "டாக்டரம்மாதான் கண்டுபுடிச்சாங்க" என்று என் கண்ணெதிரிலேயே அவரிடம் சொன்னீர்கள். நான் மறுக்காமல் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆடியிலும் ஒரு பலாப்பழம் என் வாசலுக்கு வருகிறது. வெட்கமில்லாமல் தின்றேன்.

நேற்றும் கொண்டுவந்தார். நீங்கள் இல்லாத முதல் ஆடி. பழத்தை வாங்க எனக்குக் கை நீளவில்லை. "இது எனக்கு வர வேண்டியதில்லீங்க. நான் கயிறு தேஞ்ச தழும்புன்னு விட்டுட்டேன். லேப் சார்தான் உங்க உயிரைக் காப்பாத்தினார்" என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளையன் பழத்தைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார். "தெரியுமுங்க. கண்ணுதான் மூடியிருந்துச்சு, காது கேட்டுட்டுதானுங்க இருந்துச்சு."

"அப்புறம் ஏன் எனக்கே கொண்டுவந்தீங்க?"

"மொத வருசம் அவருகிட்டத்தானுங்க கொண்டு போனேன். வாங்க மாட்டேன்னுட்டாரு. 'அந்தம்மா ஊரை உட்டு வந்து ஒத்தையாக் கெடக்கறாங்க. மாத்தல் கேட்டு எழுதி வெச்சுருக்கறாங்களாட்டம் இருக்குது. அவங்களுக்குக் குடு, போவாம இருப்பாங்க'ன்னாரு."

என் டிராயரில் இருந்தது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? ரத்தத்தைப் பார்த்தே எந்த இடத்தில் சண்டை என்று சொல்கிறவருக்கு என் முகம் போதுமானதாக இருந்திருக்கும்.

இப்போது காய்ச்சல் என்று யார் வந்தாலும் என் கை முதலில் நெறியைத்தான் தேடுகிறது. "அறுக்க வேண்டாமுங்க, நவுத்துனாப் போதும்" என்று நானே சொல்கிறேன், உங்கள் 'ங்க'வையும் சேர்த்து. அந்த மனு இன்னும் அதே டிராயரில்தான் கிடக்கிறது. இன்று காலை உங்கள் எண்ணெய்க் குப்பியின் மூடியை இறுகத் திருகி, குப்பியை அந்த மனுவின் மேல் வைத்து டிராயரை மூடினேன்.