ஐந்தாவது இன்னிங்ஸில் கட்டிப்பிடித்தார்கள்

அன்புள்ள மார்லீன்,

இன்று பேஸ்பால் ஆட்டத்தின் நடுவில், ஐந்தாவது இன்னிங்ஸில், மேனேஜர் என்னை வெளியே அழைத்தார். அதற்கு அர்த்தம் உனக்குத் தெரியும்: ஒன்று, பெரிய லீக்கில் ஆடும் மேல் அணிக்குப் போகிறோம், இல்லையென்றால், இந்த அணி நம்மை நீக்கிவிட்டது. எப்படியும் பிரிவுதான் என்று, அணியிலேயே மூத்தவனான என்னை எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள்.

"மேல போயிட்டு எங்களை மறந்துடாத தாத்தா!" என்றான் எங்கள் அணிப் பையன் ஒர்டேகா.

"யாருடா சொன்னது?" என்று மேனேஜர் சிரித்தார். "நொண்டுறான்னு உட்கார வச்சேன். இவனை எங்கயும் விடமாட்டேன். அடுத்த வருஷமும் இங்கதான்."

கைதட்டினார்கள். நானும் சிரித்தேன்.

அவர்கள் கட்டிப்பிடித்தபோது, நான் பாதி பெயின்ட் அடித்துவிட்டு வந்த நம் சமையலறைச் சுவர்தான் நினைவுக்கு வந்தது.

பேஸ்பாலில் இத்தனை வருடமும் அவர்கள் அனுப்பிய ஊருக்கெல்லாம் போனேன். நானாகக் கிளம்பியதே இல்லை; இப்போதும் முடியவில்லை. உன் அண்ணனிடம் சொல், எனக்காக வைத்திருக்கும் கடை வேலைக்கு வேறு ஆள் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் சீருடையைக் கழற்றாத உன் கணவன்