ஆழியாளின் பகடை

ஜூன் 3

இந்த நோட்டில் உண்மையை மட்டும்தான் எழுதுவேன். எனக்கு அவமானமாக இருந்தாலும் எழுதுவேன். முதல் உண்மை: இது எனக்காக வாங்கிய நோட்டு இல்லை. அக்கா கல்லூரிக்குக் கொண்டுபோக வாங்கியது. ரத்தத்தில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதும் கல்லூரி நின்றுவிட்டது. நோட்டு என்னிடம் வந்துவிட்டது.

"பூச்சி, கேம்ல விழுற நம்பரையெல்லாம் இதுல நீயே எழுதிக்கோ. அப்புறம் நான் ஏமாத்திட்டேன்னு மூக்கு சிந்தக் கூடாது" என்றாள். புத்தகப்பூச்சி என்பதில் புத்தகம் உதிர்ந்துபோய் மிச்சமிருப்பவள் நான்.

கேம் என்றால் கம்ப்யூட்டரில் இல்லை. அக்காவே உண்டாக்கியது. ஏழு தீவுகள் வரைந்த காகிதம், தடிமனான ஒரு பச்சை நோட்டு, இருபது முகமுள்ள நீலப் பகடை. அக்கா கதை சொல்வாள். நான் ஓடக்காரி. தீவுகளைச் சுற்றிக் காற்று நின்று நாற்பது நாளாகிறது, ஒரு பாய்மரமும் அசையவில்லை. கடல் தெய்வம் ஆழியாள் மனது வைத்தால்தான் காற்று வரும். ஒரு ஆட்டத்துக்கு ஒருமுறை அவளிடம் வேண்டலாம். 20 விழுந்தால் பேசுவாள். வேறு எது விழுந்தாலும் மௌனம்.

இன்று 11. மௌனம்.

ஜூன் 9

என் பக்கத்து பெஞ்சுக்காரி (கண்ணாடி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்) போனில் ஒரு விளையாட்டு விளையாடுகிறாள். அதில் மூன்று பூதங்களைக் கொன்றால் நெருப்புச் சாமி உடனே வந்து வாள் கொடுக்கிறது. ஆழியாளைப் பற்றிச் சொன்னேன். "உங்க சாமி என்ன ஊமையாடி?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் அப்படியே சொன்னேன். சிரித்தாள். "அதெல்லாம் சாமியா? பட்டன அமுக்கினா பிஸ்கட் விழுற மிஷின். அதுகிட்ட யாராவது வேண்டுவாங்களா? அமுக்குவாங்க, அவ்வளவுதான்."

"அதுவாவது பிஸ்கட் தருதே."

"வாயாடி. உருட்டு."

4. மௌனம்.

ஜூன் 15

இன்று 2.

ஜூன் 22

அக்காவின் முடியை அம்மா பாத்ரூமில் வைத்து மழித்துவிட்டாள். அப்பா லிஃப்ட் பழுது பார்க்கிற வேலையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். வந்து என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்காமல் வாசலிலேயே நின்றார்.

"என்னப்பா, நானும் ரிப்பேரா?" என்றாள் அக்கா.

6.

ஜூன் 30

ஆஸ்பத்திரி. நான்காம் மாடி, ஜன்னல் பக்கத்துக் கட்டில். அப்பா லிஃப்ட்டில் ஏறும்போதெல்லாம் தலையைச் சாய்த்துக் கேட்கிறார். "பேரிங் போயிடுச்சு, எவனும் கவனிக்கல" என்கிறார். டாக்டர் சொல்வதை அவ்வளவு கவனமாகக் கேட்பதில்லை. கேட்கப் பயம் என்று நினைக்கிறேன்.

மறுபடியும் 2. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் ஓடக்காரிக்கா எனக்கா தெரியவில்லை.

"உன் உலகம், உன் சாமி. நீ நெனச்சா பேச வைக்கலாம்ல? எதுக்குப் பதிலே சொல்லாத ஒருத்தியப் பண்ணி வச்சிருக்க?"

அக்கா ரொம்ப நேரம் சலைன் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பதில் சொல்ற சாமிய எழுதறது சுலபம்டி. என்ன பதில்னு யோசிக்கிறதுதான் கஷ்டம்."

"யோசி."

"யோசிச்சிட்டுதான் இருக்கேன்."

ஜூலை 8

டாக்டர் அம்மாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்த அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். குடிக்கவே இல்லை.

ஜூலை 11

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உண்மையை மட்டும் எழுதுவேன் என்று முதல் பக்கத்திலேயே எழுதித் தொலைத்துவிட்டேனே.

முந்தாநாள் அக்காவின் வாய் முழுக்கப் புண். மருந்தால் வருவதாம். பேசினால் எரிகிறது. "இன்னிக்கு நீ கதை சொல்லு. நான் ஓடக்காரி" என்றாள். மூன்று வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

கடலைச் சொன்னேன். கரையைச் சொன்னேன். கோயில் வாசலில் ஓடக்காரி வந்து நிற்பதைச் சொன்னேன். அக்கா பகடையை எடுத்து மாத்திரைத் தட்டில் உருட்டினாள். தட்டு என் பக்கம் இருந்தது. விழுந்த எண் அவளுக்குத் தெரியவில்லை.

2.

நான் கையால் மூடிக்கொண்டு "இருபது" என்றேன்.

"இருபதா?"

"ஆமா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். இருபதுதான்."

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வலி தாங்காமல் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். நர்ஸ் திரை விலக்கி எட்டிப் பார்த்தார். "என்னம்மா, எனக்கும் சொல்லுங்களேன்." அக்கா கையை மட்டும் ஆட்டினாள்.

"சரி, சொல்லு. அவ என்ன சொல்றா?"

நான் எதுவுமே யோசித்து வைத்திருக்கவில்லை. ஒருமுறைகூட 20 விழாத சாமிக்கு யார் வசனம் யோசிப்பார்கள்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "காத்து என் கையில இல்ல. இருந்தா எப்பவோ குடுத்திருப்பேன். நீ துடுப்புப் போடு. கை ஓயுற வரைக்கும் போடு. நான் படகு பக்கத்துலயே வரேன்."

சாமி அழக் கூடாது. நான் அழுதுவிட்டேன்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். "இதான்டி" என்றாள். கொஞ்சம் கழித்து, "இது எனக்கு வரல பாரு."

அவளிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. அதுவும் சாமி விஷயத்தில்.

ஜூலை 19

விடிகாலையில் அக்கா போய்விட்டாள்.

ஜூலை 20

எல்லோரும் வந்தார்கள். எல்லோரும் போனார்கள்.

ஜூலை 31

அக்கா அறையில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று போட்டது. யாரும் அணைக்கவில்லை. ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினாலே கத்துகிற அப்பா, அந்தக் கதவைத் தாண்டும்போது மட்டும் தரையைப் பார்த்து நடக்கிறார்.

ஆகஸ்ட் 12

கண்ணாடி வீட்டுக்கு வந்தாள். "அந்தக் கேமக் காட்டேன்" என்றாள். பகடையை எடுத்துக் கொடுத்தேன். மூக்குக்கு நேராக வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிட்டப் பார்வைக்காரி.

"ஏய், இதுல 2 ரெண்டு தடவை இருக்குடி. இருபது எங்க?"

பிடுங்கிப் பார்த்தேன். ஒரு 2-க்குப் பக்கத்தில் சின்னக் குழி. ஊசியால் சுரண்டிய மாதிரி. அங்கே ஒரு பூஜ்யம் இருந்திருக்கிறது. அக்காதான் சுரண்டிவிட்டு நீல மையைத் தடவியிருக்கிறாள்.

ஏமாத்திட்டா. நான் எத்தனை தடவ வேண்டி வேண்டி உருட்டினேன்! என்னைப் போய் நம்பர் எழுதிக்கோன்னு சொல்லிட்டு — ஏன்க்கா?

கண்ணாடி எப்போது கிளம்பினாள் என்று நினைவில்லை.

ஆகஸ்ட் 13

பச்சை நோட்டை இன்றுதான் திறந்தேன். ஆழியாளின் கோயில், படிக்கட்டு, மணி, எல்லாம் வரைந்திருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் "ஆழியாள் பேசினால்" என்று தலைப்பு. அதன் கீழே ஒன்றுமில்லை. ஆனால் தாள் மெலிந்து கிடக்கிறது. எழுதி எழுதி ரப்பரால் அழித்திருக்கிறாள். தூக்கிப் பிடித்தால் ஜன்னல் வெளிச்சம் தெரிகிறது, ஓரிடத்தில் ஓட்டையே விழுந்துவிட்டது.

காற்றைக் கேட்கிற சாக்கில் நான் எதைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குத்தான் அவளிடம் பதில் இல்லை.

நான் இருபது என்றதும் அவள் சிரித்த சிரிப்பு. அந்தப் பகடையில் இருபதே கிடையாது என்று தெரிந்துகொண்டே, நல்லாப் பாத்தியா என்று கேட்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 15

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். ஜூன் 15: 2. ஜூன் 30: 2. உண்மையை எழுதுகிறேன் என்று எவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறேன்.

பகடையை உருட்டிப் பார்த்தேன். சாதாரண 2-க்கு அடியில் 19 இருக்கிறது. சுரண்டிய 2-க்கு, அதாவது பழைய இருபதுக்கு, அடியில் 1. மாத்திரைத் தட்டில் விழுந்தது எது? அன்று திருப்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. கையால் மூடிக்கொண்டேன்.

பொய் சொன்னேனா இல்லையா என்று இனி எனக்குத் தெரியப் போவதில்லை. அக்காவுக்கும் தெரிந்திருக்காது.

அழித்து அழித்து மெலிந்த அந்தப் பக்கத்தில், நான் அன்று சொன்னதைப் பென்சிலால் மெதுவாக எழுதினேன். ஓட்டை விழுந்த இடத்தைச் சுற்றி எழுத வேண்டியிருந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மா அக்காவின் அறைக்குப் போனாள். போர்வையை உதறி மடிக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் வெகுநேரம் சத்தமே இல்லை.

இப்போது கதவுக்கு அடியில் தெரிந்த வெளிச்சக் கோடு போய்விட்டது. அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.