ஆவன செய்யப்படும் என்றார்கள், அப்பா

பார்வையாளர் மாடத்தில் எழுந்து நின்று கும்பிட்ட என் அப்பாவுக்கு,

அம்மா தூங்கிவிட்டாள். சிம்னி விளக்கைச் சின்னதாக்கி, கேழ்வரகு மூட்டைக்குப் பின்னால் மறைத்து வைத்து எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. விடிவதற்குள் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். நீங்கள் இருந்தால் உங்களைத்தான் கேட்டிருப்பேன்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். நாளை நம் பள்ளிக்கூடத்துக்குச் சட்டமன்றத்திலிருந்து ஒரு குழு வருகிறது. உறுதிமொழிக் குழு என்று பெயர். பல கட்சி எம்.எல்.ஏ.க்களும் அதில் இருக்கிறார்கள். அமைச்சர்கள் சபையில் எழுந்து 'செய்யப்படும்', 'பரிசீலிக்கப்படும்' என்று சொல்வதையெல்லாம் அவைக்குறிப்பிலிருந்து பொறுக்கி எடுத்து, சொன்னபடி செய்தார்களா என்று விசாரிப்பதுதான் அவர்கள் வேலையாம். செய்து முடிக்கும்வரை அந்தச் சொல் நிலுவையிலேயே இருக்குமாம். வகுப்பில் டீச்சர் இதைச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உங்களுடைய 'ஆவன' இத்தனை நாளும் சென்னையில் உயிரோடு இருந்திருக்கிறது, அப்பா.

அந்த ஒரு வார்த்தைக்காக ஊர் உங்களை எவ்வளவு கேலி செய்தது! நம் தரைப்பாலத்தை உயர்த்திக் கட்டக் கேட்டு எம்.எல்.ஏ. கேள்வி கொடுத்திருந்தார். நீங்கள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, அவரிடம் பாஸ் வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போனீர்கள். கேள்விக்கு நட்சத்திரக் குறி இருந்தால் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பதில் காகிதத்தில்தான் வரும், நம்முடையதுக்கு நட்சத்திரம் இருந்தது என்று வந்து பெருமையாகச் சொன்னீர்கள். கேள்வி நேரத்தில் நம் ஊர்ப் பெயர் காதில் விழுந்ததும், உங்களை அறியாமல் எழுந்து கும்பிட்டுவிட்டீர்கள். மாடத்தில் இருப்பவர்கள் அப்படி எழுந்து நிற்கக் கூடாதாம். காவலர் ஒருவர் வந்து உங்கள் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

அமைச்சர் 'ஆவன செய்யப்படும்' என்றார். எப்போது என்று எம்.எல்.ஏ. துணைக் கேள்வி கேட்டதற்கு, நிதி நிலைமைக்கு ஏற்ப என்றார். நீங்கள் முதல் பதிலை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வந்து, பாலம் சாங்ஷன் ஆகிவிட்டது என்று ஆற்றங்கரையில் பொங்கல் வைத்தீர்கள். ஊரே வந்து தின்றது.

மழைக்காலம் வந்தது, பாலம் வரவில்லை. டீக்கடைக்காரர் உங்களைப் பார்க்கும்போதெல்லாம் கன்னடத்தில், "ஏனப்பா ஆவன, பிரிட்ஜ் பந்தா?" என்பார். பாலம் வந்துவிட்டதா என்று. நீங்கள் கோபப்படாமல் "பருத்தே" என்பீர்கள். வரும் என்று. பள்ளிக்கூடத்தில் எனக்கு 'ஆவன மக' என்றே பேராகிவிட்டது. அதை உங்களிடம் சொன்னதில்லை.

சபையில் ஒரு உறுப்பினர் இன்னொருவரிடம் நேராகப் பேசக் கூடாது, எல்லாம் சபாநாயகரைப் பார்த்துத்தான் என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்து நம் வீட்டுச் சண்டை மாறிப்போனது. என்னை மர ஸ்டூலில் உட்கார வைத்தீர்கள். அம்மா திட்ட ஆரம்பித்தால், "தலைவர் மூலமாச் சொல்லச் சொல்லுங்க" என்பீர்கள். அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாண்புமிகு தலைவர் அவர்களே, இந்த மனுசன் எண்ணெய் வாங்கி வர மறந்துட்டான்" என்பாள். 'மனுசன்' என்பதை அவைக்குறிப்பிலிருந்து நீக்குகிறேன் என்று நான் தீர்ப்புச் சொல்வேன். இப்போது அந்த ஸ்டூலில் தண்ணீர்க் குடம் இருக்கிறது. அம்மா யாரோடும் சண்டை போடுவதில்லை.

நீங்கள் செகண்ட் ஷிப்ட் முடித்து வந்த அந்த மழை ராத்திரியைப் பற்றி எழுத வரவில்லை. பாலத்தின்மேல் முழங்கால் அளவுத் தண்ணீர்தான், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தீர்களா? சைக்கிள் முதலில் கிடைத்தது. அதன் பிறகு அம்மா ஓசூருக்குப் போவதென்றால் பஸ் ரோட்டில் சுற்றித்தான் போகிறாள். பாலத்தில் கால் வைப்பதில்லை.

இனி என் பயத்தைச் சொல்கிறேன். பாலம் உயர்த்தப்பட்டது, பணி முடிந்தது என்று இங்கிருந்து அதிகாரிகள் குழுவுக்குப் பதில் எழுதிவிட்டார்கள். நடந்ததெல்லாம், ஓரக்கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்ததுதான். குழுவைப் பஸ் ரோட்டில் சுற்றி அழைத்து வந்து, மாலை போட்டு, பள்ளிக்கூடத்தோடு அனுப்பிவிடப் போகிறார்கள். நன்றியுரை நான் வாசிக்க வேண்டும். பாலத்தில் செத்தவரின் மகளே நன்றி சொன்னால் எடுப்பாக இருக்கும் என்று பஞ்சாயத்துத் தலைவர்தான் என் பெயரைச் சொன்னாராம். அம்மாவுக்குச் சத்துணவுக் கூடத்தில் ஆயா வேலைக்குச் சொல்லி விட்டவரும் அவர்தான். சித்தப்பா டிராக்டர் ஓட்டுவதும் அவரிடம்தான்.

சாயங்காலம் சித்தப்பா வந்திருந்தார். உங்களைப் போலவே மூக்கைத் தேய்த்துக்கொண்டு பேசினார். "இதா பாரு மஞ்சு, எழுதிக் குடுத்தத படிச்சிட்டு எறங்கிடு. அவங்க கூட ஒரு ஆளு வருவான், பேசறத எல்லாம் எழுதிக்குவான். ஒருக்கா எழுதிட்டா எழுதுனதுதான். உங்க வீட்டு சபை மாதிரி நீக்க முடியாது."

அவர் மிரட்டவில்லை, அப்பா. அவரும் பயந்துபோய்த்தான் இருந்தார்.

ஆனேக்கல் மாமா போன வாரம் வந்தபோதுகூடக் கிண்டல் செய்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் அவர்களுக்குப் பேரவை, மேலவை என்று இரண்டு சபை, நமக்கிருந்த இரண்டில் ஒன்றைக் கலைத்துவிட்டார்கள் என்று. இருக்கிற ஒன்று நம் ஊருக்கு வருகிறது, மாமா என்றேன். அப்போது எனக்குப் பயமில்லை. நன்றியுரை கைக்கு வந்த பிறகுதான் வந்தது.

அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். 'உயர்த்திக் கட்டிய பாலத்துக்கு எங்கள் நன்றி' என்ற இடத்தில் அவள் அவரைக்காய் உரிப்பதை நிறுத்தினாள். படுக்கப் போகும்போதுதான் சொன்னாள்: "அந்த எடத்த மட்டும் மெதுவாப் படி கண்ணு. சத்துணவுக் கூடத்துக்குக் கேக்க வேணாம்."

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. வேலை போனால் அம்மா என்ன செய்வாள்? சித்தப்பா என் முகத்தில் விழிப்பாரா? என் குரல் எழும்புமா?

ஆனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அப்பா. நாளை நான் அந்த வரியைப் படிக்க மாட்டேன். யாரையும் குறை சொல்லவும் மாட்டேன். உங்களைப் போல எழுந்து கும்பிட்டுவிட்டு, நம் வீட்டில் பழகியபடியே குழுத் தலைவரைப் பார்த்து, "மாண்புமிகு தலைவர் அவர்களே, பாலம் இங்கிருந்து கிட்டத்தில்தான் இருக்கிறது. என்னோடு நடந்து வந்து பாருங்கள்" என்று மட்டும் சொல்வேன். எழுதுகிறவர் எழுதிக்கொள்ளட்டும். சத்துணவுக் கூடத்தில் இருக்கும் அம்மாவுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்வேன்.

யாராவது என் தோளை அழுத்தினாலும், சொல்லி முடித்த பிறகுதான் உட்காருவேன்.

உங்கள் வீட்டு சபாநாயகர்,
உங்கள் மகள்,
மஞ்சுளா