ஊதாக் கொடியைப் பிடுங்கிய விவகாரம்

அன்புள்ள என்னவருக்கு,

கோபித்துக்கொண்டு போன உங்கள் அண்ணன் வீட்டில் சௌகரியமாக இருப்பீர்கள். கல்யாணமான வருடம் நீங்கள் நட்ட ஊதாக் கொடியை நான் பிடுங்கியது நியாயம்தான். அது வெளிநாட்டிலிருந்து வந்து நம் மண்ணின் செடிகளை அழிக்கிற கொடி என்று நூலகத்து ஆய்வுக் கையேடு சொல்கிறது. கொடி இருந்தபோது ஒரு மண்வெட்டி மண்ணில் இரண்டு மண்புழு, இன்று பதினொன்று. நோட்டில் குறித்திருக்கிறேன்.

“உனக்கு நான் முக்கியமா, அந்தப் புத்தகமா?” என்று நீங்கள் கேட்டபோது, “இருங்க, படிச்சு முடிச்சிட்டுச் சொல்றேன்” என்றதுதான் தப்பு. சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கக்கூடாது என்கிறது கையேடு. ஒன்றைத் தொட்டியில் ஒளித்து வைத்திருக்கிறேன். தண்ணீர் ஊற்றினால் எனக்குப் பாவம். நீங்கள் வந்து ஊற்றுங்கள். சீக்கிரம், இலை வாடுகிறது.

மண் அப்பிய கையோடு,
உங்கள் மனைவி